இறங்கிப் பார்!

"பின்னே யாருமில்லை ஐயா, உறுதியாகச் சொல்கிறேன்!"

"பார்த்தாயா?"

"கண்ணாடியிலே பார்த்தேன்."

"கண்ணாடி காட்டியதைப் பார்த்தாய். கண்ணாடி காட்டாததை யார் பார்த்தது?"

இளைஞன் விழிக்கிறான். ஆசான் கைகட்டி நிற்கிறார். கோபமில்லை, கூச்சலில்லை, இரண்டே சொற்கள் சொல்கிறார்: "இறங்கிப் பார்!"

இடம், அமெரிக்க நாட்டிலே ஒரு பயிற்சித் திடல். இளைஞன், சரக்கு லாரி ஓட்டக் கற்க வந்த மாணவன். அவனுக்குப் பெயர் வேண்டியதில்லை. கற்க வரும் ஒவ்வொருவனும் இந்த உரையாடலைக் கடந்தே தீரவேண்டும். காட்சியை நாம் கற்பனையிலே அமைத்துக் காட்டுகிறோம். ஆனால், அதிலே எழும் கேள்வி கற்பனையன்று. அறநூலார் நெடுங்காலமாக மல்லுக்கு நிற்கும் கேள்வி. 'மனமார நம்பினேன்' என்று ஒருவன் சொல்வது, அவன் செய்த தீங்குக்கு மன்னிப்பாகுமா?

லாரி ஓட்டுவதற்கும் அறநூலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு, தோழர்களே! ஏட்டிலே மட்டும் இருக்கும் அறம், ஏலக்காய் வாசனை போல. முகர்ந்து மகிழலாம், பசி தீராது. அன்றாட உழைப்பிலே அகப்படும் அறமோ, ஆறாத வடுவைப்போல நம்மோடு தங்கும். ஆகவே முதலிலே வண்டியைப் பார்ப்போம். வாதத்தைப் பிறகு பார்ப்போம்.

அந்த வண்டி இரண்டு உடல் கொண்டது. முன்னே இழுவண்டி, அதிலேதான் எஞ்சின், அதிலேதான் ஓட்டுநர். பின்னே டிரெய்லர், அதற்கு முன்சக்கரமே கிடையாது. பின்புறம் மட்டும் சக்கரங்கள். முன்பாதியின் பாரத்தை இழுவண்டியின் முதுகு தாங்குகிறது. அதனால்தான் அதற்கு 'அரை டிரெய்லர்' என்று பெயர். இரண்டையும் இணைப்பது, எண்ணெய்ப் பசை பூசிய ஓர் இரும்புத் தட்டு. அதை ஓட்டுநர்கள் 'ஐந்தாம் சக்கரம்' என்கிறார்கள். குதிரை வண்டிக் காலத்திலே, முன்னச்சின் மேலே படுக்கையாகக் கிடந்து வண்டியைத் திருப்ப உதவிய வளையத்தின் பெயர், குதிரை போன பிறகும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க நெடுஞ்சாலைகளிலே பெருவழக்காயுள்ள டிரெய்லரின் நீளம் 53 அடி. இழுவண்டியோடு சேர்த்தால் ஏறத்தாழ 70 அடி. மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளிலே பொதுவாக அனுமதிக்கப்படும் மொத்த எடை 80,000 பவுண்டு, அதாவது 36 டன்னுக்குச் சற்று மேல்.

இந்தப் பூதத்தை முன்னோக்கி ஓட்டுவதிலே ஒரு சலுகை உண்டு. இழுவண்டி எங்கே போகிறதோ அங்கே டிரெய்லர் வரும். சற்றே கோணலாகியிருந்தாலும், இழுக்க இழுக்க நேராகிவிடும். பிழை தானே தேய்ந்துபோகும். பின்னோக்கி வரத் தொடங்கியதும் இயற்கையின் போக்கே தலைகீழாகிறது. இப்போது டிரெய்லர் இழுக்கப்படவில்லை, தள்ளப்படுகிறது. தள்ளப்படும்போது, கடுகளவு கோணல் மிளகளவாகிறது. மிளகளவு கோணல் மலையளவாகிறது. திருத்தாமல் விட்டால், இரண்டு உடலும் மடக்குக் கத்திபோல ஒன்றன்மேலொன்று மடிந்து நிற்கும். முன்னே செல்லும்போது பிழை தானே சாகிறது. பின்னே வரும்போது பிழை தானே வளர்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலே எத்தனை பாடம் அடங்கியிருக்கிறது!

இத்தோடு முடிந்ததா? இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பிப் பின்னே வந்தால், டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகிறது. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகிறது. மாயமன்று, மந்திரமன்று. இழுவண்டியின் பின்புறம் வலப்பக்கம் நகரும்போது, அதன்மேல் ஊன்றியிருக்கும் டிரெய்லரின் தலையும் வலப்பக்கம் நகர்கிறது. தலை வலம் போனால், நடுவிலே சக்கரத்தை ஊன்றிக்கொண்டு வால் இடம் போகத்தானே வேண்டும்? துலாக்கோலின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வதுபோல.

காரணம் இவ்வளவு எளிது. ஆனால், கை கேட்கிறதா? ஆண்டாண்டுக் காலமாகச் சிறிய காரை ஓட்டிப் பழகிய கை அது. வலம் போகவேண்டுமா, வலம் திருப்பு என்று அதற்குள்ளே ஒரு குரல் கட்டளையிடுகிறது. 'எனக்குத் தெரியும்' என்கிறது அந்தக் குரல். எத்தனை உறுதி அதற்கு! எவ்வளவு நேர்மை அதற்கு! ஆனால், தவறு. உறுதியாகவும் நேர்மையாகவும் தவறு. ஆகவேதான் பயிற்றுநர்கள் ஓர் எளிய வழி சொல்கிறார்கள்: கையைச் சக்கரத்தின் மேற்பகுதியிலே வைக்காதே, அடிப்பகுதியிலே வை, கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் டிரெய்லர் போகும். பழக்கம் சொல்லிக்கொடுத்த பாடத்தை மறக்க, பழக்கம் பிடித்திருந்த இடத்தையே மாற்றவேண்டியிருக்கிறது!

பகுத்தறிவு பேசும் நமக்கு இது புதிதா? 'மனச்சாட்சி சொல்கிறது', 'உள்ளுணர்வு சொல்கிறது', 'தலைமுறை தலைமுறையாகத் தெரிந்ததுதானே' என்று சொல்லிச் சொல்லி நிலைநிறுத்தப்பட்ட பொய்கள் எத்தனை! பூமி தட்டை என்றது உள்ளுணர்வு. கதிரவன் நம்மைச் சுற்றுகிறது என்றது கண். ஒருவன் தொட்டால் தீட்டு என்று சொல்லி உடலே கூசியதாம், 'மனமார' உணர்ந்தார்களாம்! உணர்ச்சியின் உறுதி, உண்மைக்குச் சான்றாகாது என்பதை நாம் மேடையிலே ஆயிரம் முறை முழங்கியிருக்கிறோம். லாரி கற்கும் மாணவனோ, முதல் நாளிலேயே தன் உள்ளங்கையிலே அதைக் கற்றுக்கொள்கிறான்.

இன்னொரு பாடம் இருக்கிறது, அதுவே பெரிது. டிரெய்லர் வளையத் தொடங்கியதும், ஒரு பக்கத்துக் கண்ணாடியிலே அதன் முழு நீளமும் தெரிகிறது. மறுபக்கத்துக் கண்ணாடியிலோ வெற்றுத் தகரம், அல்லது வெறும் வானம். அமெரிக்காவிலே ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். எனவே வலப்பக்கம் வளைந்து பின்னேறுவதைக் 'குருட்டுப் பக்கம்' என்கிறார்கள். டிரெய்லரின் நேர் பின்புறமோ, எந்தக் கண்ணாடிக்கும் எட்டாத இருட்டறை. அங்கே ஒரு கம்பம் நிற்கலாம். சரக்கு மேடையிலே வேலை செய்பவர், கீழே விழுந்த ஒரு பொருளை எடுக்கக் குனிந்திருக்கலாம்.

அந்நாட்டு ஓட்டுநர் கையேடுகள் இதை மறைக்கவில்லை. பின்னே உள்ள அனைத்தையும் காண இயலாது, எனவே பின்னேறுவது எப்போதுமே ஆபத்தானது, இயன்றவரை தவிர்த்துவிடு என்று தொடங்குகின்றன. தவிர்க்க இயலாதபோது? மெதுவாக வா, கண்ணுக்குத் தெரியும் பக்கமாகவே வளை, துணைக்கு ஒருவரை நிறுத்து, அவரோடு 'நிறுத்து' என்பதற்கான சைகையை முன்கூட்டியே முடிவு செய்துகொள், எல்லாவற்றுக்கும் முன்னே, இறங்கிப் பார். 2022 பிப்ரவரி 7 முதல், புதிதாக இவ்வுரிமம் கேட்போர் அரசுப் பதிவேட்டிலே இடம்பெற்ற பயிற்சியாளரிடம் பயின்றே ஆகவேண்டும் என்பது அங்கே நடுவணரசின் விதி. அந்தப் பாடத்திட்டத்திலே பின்னேறும் பகுதிக்குள் 'இறங்கிப் பார்' என்பது பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எண்ணிப் பாருங்கள்! ஓர் அரசு, வளர்ந்த மனிதர்களுக்கு, 'தெரியாவிட்டால் இறங்கிப் பாருங்கள்' என்று சட்டம்போட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. மனிதன் தானாக இறங்கிப் பார்க்கும் இயல்பினன் அல்லன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது வாதத்துக்கு வருவோம்.

மாணவன் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பின்னே யாருமில்லை என்று மனமார நம்பினான், வண்டியை நகர்த்தினான், ஒருவர் அடிபட்டார். 'நான் வேண்டுமென்று செய்யவில்லை, உண்மையிலேயே நம்பினேன்' என்று கதறுகிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவனைக் குற்றவாளி என்பதா?

இதே கேள்வியை 1877-இல் எழுப்பினார் ஓர் ஆங்கிலக் கணித மேதை. வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு என்பது அவர் பெயர். இலண்டனிலே பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர். 33 வயதிலேயே, 1879-இல், மறைந்துவிட்டவர். 'நம்பிக்கையின் அறநெறி' என்று பொருள்படும் தலைப்பிலே அவர் தீட்டிய கட்டுரை ஒரு கதையோடு தொடங்குகிறது. ஒரு கப்பல் முதலாளி. அவருடைய கப்பலோ பழையது, பலமுறை பழுதுபார்த்தது. பிழைப்புத் தேடிக் குடிபெயரும் ஏழைக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது புறப்படவேண்டும். இந்தப் பயணத்தைத் தாங்குமா என்ற ஐயம் முதலாளியின் நெஞ்சிலே எழுகிறது. முழுவதும் சோதித்துப் பார்த்தால் பணம் செலவாகும். எனவே ஐயத்தை அடக்குகிறார். எத்தனை புயலைக் கண்ட கப்பல் இது, இந்த முறை மட்டும் என்ன ஆகிவிடும் என்கிறார். ஆண்டவன் கைவிடமாட்டான் என்கிறார். சொல்லிச் சொல்லி, மெய்யாகவே நம்பிவிடுகிறார்! களிப்போடு வழியனுப்பிவைக்கிறார். நடுக்கடலிலே கப்பல் மூழ்குகிறது. இவர் காப்பீட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறார்.

அந்த முதலாளியின் நம்பிக்கை போலியன்று. ஆனாலும் அவர் குற்றவாளியே என்று தீர்ப்பளிக்கிறார் கிளிஃபோர்டு. ஏன்? அப்படி நம்ப அவருக்கு உரிமையில்லை. ஆய்ந்து பெற்ற நம்பிக்கையன்று அது. ஐயத்தின் கழுத்தை நெரித்துப் பெற்ற நம்பிக்கை. அதோடு அவர் நிற்கவில்லை. கப்பல் மூழ்காமலே கரை சேர்ந்திருந்தால்? அப்போதும் குற்றம் குற்றமே என்கிறார். விளைவு நல்லதாகிவிட்டதால் செயல் நல்லதாகிவிடாது. அகப்படாத குற்றம் அவ்வளவுதான்.

பார்த்தீர்களா, இலண்டன் பேராசிரியர் கட்டுரையிலே சொன்னதையே அமெரிக்க லாரித் திடலிலே நிற்கும் ஆசானும் சொல்கிறார்! 'உன் நம்பிக்கை உண்மையானதா என்று நான் கேட்கவில்லை. அதை எப்படிப் பெற்றாய் என்று கேட்கிறேன்.'

அன்பு இருந்தால் போதாதா, நல்லெண்ணம் இருந்தால் போதாதா என்று சிலர் உருகுவர். உருகட்டும். உண்மை வேறு. சிறிய கார்கள் பின்னேறும்போது குழந்தைகள் சிக்கி மாண்ட கொடுமைகள் அமெரிக்காவிலே பெருகியதால், 2008-இல் அதற்கென ஒரு சட்டமே வந்தது. அதன் விளைவாக, 2018 மே முதல் 10,000 பவுண்டுக்குக் குறைந்த புதிய வண்டிகளிலெல்லாம் பின்புறக் கேமரா கட்டாயமாயிற்று. அந்தக் கொடுமைகளிலே வண்டியை ஓட்டியவர் யார் தெரியுமா? பல நேரங்களில் பெற்றவரே! அந்தத் தந்தையைவிட அந்தக் குழந்தையை நேசித்தவர் உலகிலே உண்டா? அன்பு இருந்தது, கண்தான் இல்லை. நல்லெண்ணத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால், அதற்குப் பார்வை கிடையாது. பார்ப்பது நம் வேலை.

மறுப்புகள் உண்டு. அவற்றையும் நேர்நின்று சந்திப்போம். மறுப்பைக் கண்டு மறைவது நம் மரபன்று.

முதல் மறுப்பு: 'எல்லாவற்றையும் ஆய்ந்த பிறகே அடியெடுத்து வைப்பது என்றால், வாழ்க்கை நடக்குமா?' கிளிஃபோர்டுக்கு எதிராக 1896-இல் அமெரிக்க மெய்ப்பொருளறிஞர் வில்லியம் ஜேம்சு எழுப்பிய வாதம் இந்த வகையைச் சேர்ந்தது. சான்று முடிவு சொல்ல இயலாத, ஆனால் ஒத்திப்போடவும் இயலாத வேளைகளிலே, நம்பிக்கை கொண்டு துணிய மனிதனுக்கு உரிமை உண்டு என்றார் அவர். அழகான வாதம், அலட்சியம் செய்யத்தக்கதன்று. மலையிடுக்கிலே சிக்கிய ஒருவன், தாண்டிவிடலாம் என்ற துணிவோடு பாய்கிறான். துணிவே அவனைத் தாண்டவைக்கிறது. வாழ்த்துகிறோம்! ஆனால், அவன் பணயம் வைப்பது தன் காலை. லாரிக்காரன் பணயம் வைப்பதோ அடுத்தவர் உடலை. மேலும், மலைமேல் நிற்பவனுக்குச் சான்று கிடைக்க வழியில்லை. இவனுக்கோ சான்று எழுபதடி தொலைவிலே, இறங்கி நடந்தால் எட்டும் தொலைவிலே, இலவசமாகக் காத்துக்கிடக்கிறது. எட்டாத சான்றுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. எட்டும் சான்றை எட்டிப் பார் என்கிறோம்.

இரண்டாவது மறுப்பு: 'இறங்கிப் பார்ப்பதும் ஒரு நோயாகிவிடாதா? பார்த்துக்கொண்டே இருந்தால் வண்டி நகர்வது எப்போது?' இதுவும் நியாயமே. நெடுங்காலம் வழக்கிலிருந்த தேர்வு முறையே இதற்கு ஓர் எல்லை வகுத்திருந்தது. நேராகப் பின்னே வரும் பயிற்சியில் ஒருமுறை, மற்றவற்றில் இருமுறை மட்டுமே இறங்கிப் பார்க்கலாம் என்றது. தேர்வு, திறமையை அளக்கிறது. அங்கே பின்னே நிற்பவை கூம்புகள். கூம்புக்கு உயிரில்லை, அதற்காக அழத் தாயில்லை. சாலையிலே எண்ணிக்கை வரம்பு கிடையாது, தேவையே வரம்பு. அங்கேயும் ஒன்று உண்டு: பார்த்துவிட்டு, புகைபிடித்து, கதைபேசி, பத்து மணித்துளி கழித்து ஏறினால், பார்த்தது பழசாகிவிடும். அதற்குள் யாரேனும் வந்து நின்றிருக்கலாம். எனவே பார், உடனே ஏறு, மெல்ல வா, நிலைமை மாறினால் மீண்டும் பார். ஐயம் என்பது செயலின் பகையன்று. செயலுக்கு முன்னே செல்லும் விளக்கு. வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என ஓர் அதிகாரம் வகுத்தார். அதிலே தெரிதலும் உண்டு, செயலும் உண்டு.

மூன்றாவது மறுப்பு வாய்திறந்து சொல்லப்படுவதில்லை. ஆனால், அதுவே ஆற்றல் மிக்கது. வெட்கம்!

சரக்கு நிலையத்திலே பத்து வண்டிகள் காத்திருக்கின்றன. பழுத்த ஓட்டுநர்கள் கைகட்டி வேடிக்கை பார்க்கிறார்கள். புதியவன் ஒருமுறை வருகிறான், கோணல், முன்னே போய்ச் சீராக்குகிறான், மறுபடியும் கோணல். யாரோ சிரிக்கிறார். இப்போது இறங்கிப் பார்த்தால் 'இவனுக்குத் தெரியாது' என்று உலகம் அறிந்துவிடுமே! காது சிவக்கிறது, கை நடுங்குகிறது, 'சரியாகத்தான் இருக்கும்' என்று முணுமுணுத்தபடி கால் அழுத்துகிறது. அந்த ஒரு நொடியிலே அவனை ஓட்டுவது அறிவன்று, அச்சம். ஆணவத்தின் உடை உடுத்த அச்சம்! தெரியாமையால் நேரும் தீங்கைவிட, தெரியாமையை மறைப்பதால் நேரும் தீங்கே பெரிது. தெரியாதவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். மறைப்பவனோ மோதித்தான் தெரிந்துகொள்வான். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

ஆகவே, முன்னே போய்ச் சீராக்குவது தோல்வியன்று. தவறு வளரும் முன்னே அதைத் திருத்தும் வழி. இறங்கிப் பார்ப்பது இழிவன்று. அடுத்தவர் உயிருக்கு நாம் செலுத்தும் மரியாதை.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னைத் துறைமுகத்திலும் தூத்துக்குடித் துறைமுகத்திலும் சரக்குப் பெட்டகங்களைச் சுமந்து செல்வது இதே இனத்து வண்டிதான். இங்கே ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் குருட்டுப் பக்கம் இடப்பக்கமாகிறது. மற்றபடி வடிவக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. ஆனால், புது வண்டி வாங்கியதும் இங்கே என்ன செய்கிறோம்? சக்கரத்துக்கு அடியிலே எலுமிச்சம்பழம்! நசுங்கியது பழம், ஒழிந்தது கண்ணேறு, இனி விபத்தில்லை என்று நிம்மதி. எலுமிச்சைக்குக் கண் உண்டா? பின்னே குனிந்திருப்பவரைப் பார்த்து அது கூவுமா? கப்பல் முதலாளி 'ஆண்டவன் கைவிடமாட்டான்' என்று தன் ஐயத்தைத் தூங்கவைத்தாரே, அந்தத் தாலாட்டின் தமிழ் மெட்டுத்தான் இது. பழம் நசுங்குவதிலே நமக்கு வருத்தமில்லை. பார்க்கவேண்டிய கடமையும் அதோடு சேர்ந்து நசுங்கிவிடுகிறதே, அதுதான் வருத்தம்.

இங்கே இன்னொரு காட்சியும் உண்டு. லாரி பின்னேறும்போது, பின்னே நின்று 'வரட்டும், வரட்டும்' என்று குரல் கொடுப்பவர் யார்? கிளீனர். பெரும்பாலும் இளைஞர், குறைந்த கூலி, வண்டியைக் கழுவுவதும் அவரே, வசவு வாங்குவதும் அவரே. ஆனால், பின்னேறும் அந்தச் சில நொடிகளிலே உண்மையைக் காணும் கண் அவருடையது மட்டுமே! அவர் 'ஓல்டான்' என்றால், முதலாளியே ஓட்டினாலும் நின்றாகவேண்டும். 'நீ யாரடா எனக்குச் சொல்ல' என்று கேட்கும் ஓட்டுநரின் வண்டி, சுவரிலே போய்த்தான் நிற்கும். அறிவு, பதவியைப் பார்த்து வருவதில்லை. நிற்கும் இடத்தைப் பார்த்து வருகிறது. கீழே நிற்பவனுக்குத் தெரிவது மேலே அமர்ந்தவனுக்குத் தெரியாது. சமத்துவத்துக்கு இதைவிட எளிய பாடம் ஏது? சாதியின் பெயரால், பணத்தின் பெயரால், ஆண் என்ற பெயரால் கீழே நிறுத்தப்பட்டவர்கள் 'நிறுத்து' என்று கூவிய குரலைக் கேட்காமலேதான், இந்தச் சமுதாயம் நூற்றாண்டுக் கணக்கிலே வண்டியைப் பின்னேற்றி எத்தனையோ வாழ்வை நசுக்கியது!

கைதட்டவேண்டாம், தோழர்களே. இனிச் சொல்லப்போவது நம்மைப்பற்றி.

நாம் பகுத்தறிவாளர்கள். எலுமிச்சம்பழத்தைக் கண்டு நகைக்கிறோம். நன்று. ஆனால், நமக்குக் குருட்டுப் பக்கமே கிடையாதா? மேடையிலே சாதி ஒழிப்பை முழங்கிவிட்டு இறங்குகிறோம். தம்பிக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்ததும், 'நம்மவர்களிலே' என்ற சொல் வீட்டுத் திண்ணையிலே எத்தனை இயல்பாக ஒலிக்கிறது! பெண் விடுதலைக்குப் பெருமுழக்கம் செய்துவிட்டு நள்ளிரவிலே வீடு திரும்புகிறோம். சோற்றை மூடிவைத்துவிட்டுக் கண்விழித்துக் காத்திருக்கும் துணைவியாரை, 'நீங்கள் சாப்பிட்டீர்களா' என்று கேட்டதுண்டா? கேட்டால், 'நம் வீட்டிலே அந்தக் குறையெல்லாம் இல்லை' என்கிறோம். எப்படித் தெரியும்? 'தெரியும், மனமார நம்புகிறோம்!'

கண்ணாடியிலே பார்த்தோம், அவ்வளவுதான். எந்தக் கண்ணாடியிலே? நம்மைப்போலவே எண்ணும் நண்பர்கள் என்ற கண்ணாடியிலே. நம் கைதட்டலையே நமக்குத் திருப்பிக் காட்டும் கண்ணாடியிலே. அது காட்டாத இடம் ஒன்று நம் முதுகுக்குப் பின்னேயே இருக்கிறது. அங்கே நிற்பவர், பெரும்பாலும் நமக்கு மிகவும் வேண்டியவர்.

பெரியார், தம் பேச்சைக் கேட்க வந்தவர்களிடமே, நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் அறிவைக்கொண்டு எண்ணிப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். அந்த அறிவுரையை அவரிடமிருந்து கேட்டதாலேயே நம்பிவிட்டு, எண்ணிப் பார்க்கும் வேலையை மட்டும் விட்டுவிட்டால், நாம் செய்வதும் ஒருவகைப் பூசைதான். பழத்துக்குப் பதில் பகுத்தறிவு என்ற சொல்லைச் சக்கரத்துக்கு அடியிலே வைக்கிறோம், வேறென்ன?

எனவே, கொள்கை பேசும் ஒவ்வொருவனும் ஒரு துணையை அமர்த்திக்கொள்ளட்டும். 'நிறுத்து' என்பதற்கான சைகையை அவரோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளட்டும். அவர் துணைவியாராக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், நம்மைவிட எளிய நிலையிலே உள்ள தோழராக இருக்கலாம். அவர் கை உயர்ந்ததும் வாதாடவேண்டாம். முதலில் நிறுத்துவோம், பிறகு இறங்குவோம், பார்ப்போம், பேசுவது அதன் பிறகு.

அந்தப் பயிற்சித் திடலிலே நாம் விட்டுவந்த மாணவன் என்ன செய்தான்?

முகம் சுளித்தபடி இறங்குகிறான். ஒரு பக்கமாக நடந்து, பின்புறத்தைச் சுற்றி, மறுபக்கமாகத் திரும்பி வருகிறான். யாருமில்லை. எதுவுமில்லை. வெறும் தரை.

"நான்தான் சொன்னேனே ஐயா, ஒன்றுமில்லை! வீண் வேலை!" என்கிறான், சிறு வெற்றிப் புன்னகையோடு.

ஆசான் தலையசைக்கிறார். "வீணில்லை தம்பி. முன்பும் 'யாருமில்லை' என்றாய், இப்போதும் 'யாருமில்லை' என்கிறாய், சொல் ஒன்றுதான். ஆனால், முன்பு உன்னிடம் இருந்தது துணிவு. இப்போது இருப்பது அறிவு. ஏறு, வண்டியை எடு."

முழக்கம் பழகிய நம் தொண்டைக்கு, அந்த நடை சற்றுக் கடினம்தான். நடந்துதான் ஆகவேண்டும். இறங்கிப் பார்ப்போம்!